பட்டாவில் பெயர் இல்லாதவர்கள்: கடைமடையில் ஒரு சூரியமின் குத்தகை

இது நாங்கள் சட்ட ஆலோசகர்களாக இருந்து பார்த்த ஒரு நிலக் குத்தகையின் பதிவு. நிறுவனமும் நிலக்காரர்களும் சாகுபடியாளர்களும் பெயரும் ஊரும் சொல்லாமல் எழுதிக்கொள்ளச் சம்மதித்தார்கள். காவிரி டெல்டாவில் இதே வேலைக்கு வரப்போகும் வழக்கறிஞர்கள் நாங்கள் செய்த பிழையைத் திரும்பச் செய்யக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

பின்னணி

2023 அக்டோபர் கடைசியில் ஒரு சூரியமின் நிறுவனம் எங்களிடம் வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில், வெண்ணாற்றின் கிளையாறு ஒன்று கடலைத் தொடும் இடத்துக்குச் சற்று மேற்கே, 55 ஏக்கரில் 12 மெகாவாட் நிலையம் அமைக்கத் திட்டம். ஒரு மெகாவாட்டுக்கு நாலு முதல் ஐந்து ஏக்கர் என்பது பொதுக்கணக்கு. மின்சாரம் மேற்கு மாவட்டத்து நூற்பாலைகளுக்குப் போகும். ஆலைகள் 26 சதவீதப் பங்கு வைத்து, உற்பத்தியில் 51 சதவீதத்துக்குக் குறையாமல் தாங்களே பயன்படுத்தினால் அது சொந்த உபயோக மின்நிலையம் ஆகும். 2005ஆம் ஆண்டு மின்சார விதிகளில் உள்ள இந்த ஏற்பாட்டில்தான் இன்று பல தனியார் சூரியமின் திட்டங்கள் நடக்கின்றன.

எங்களுக்குக் கொடுத்த வேலை சிறியது. மூலப்பத்திரங்களும் வில்லங்கமும் பார்த்து லீகல் ஒப்பீனியன் கொடுக்க வேண்டும், குத்தகைப் பத்திரத்தைச் சரிபார்க்க வேண்டும். கட்டணம் தந்தது நிறுவனம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் எடுத்த ஒவ்வொரு முடிவிலும் யாருக்காக வேலை செய்கிறோம் என்ற கேள்வி எங்கள் முன் நின்றது.

நிறுவனம் வந்த காலத்தையும் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு மேட்டூர் அணை ஜூன் 12ஆம் தேதி வழக்கம்போலத் திறந்தது. கர்நாடகத்திலிருந்து வர வேண்டிய தண்ணீர் வரவில்லை, அக்டோபர் 10ஆம் தேதி மூடிவிட்டார்கள். குறுவை பல இடங்களில் காய்ந்தது. சம்பாவுக்கு விதைத்தவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இரண்டு வாரத்துக்குள் ஒரு தரகர் வீடுவீடாகப் போய் 20 ரூபாய் முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கியிருந்தார். ஏக்கருக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய், 29 ஆண்டு 11 மாதம். தண்ணீர் நிறைந்த வருடமாக இருந்திருந்தால் அந்தத் தாளில் பாதிப்பேராவது ஒருவாரம் யோசித்திருப்பார்கள்.

நிலம்

55 ஏக்கரும் ஒரே தன்மையான நிலம் இல்லை. 24 ஏக்கர் உவர் நிலம். அதில் பாதிக்குமேல் தொண்ணூறுகளில் இறால் பண்ணைக்காக வெட்டிய குளங்கள். நாகை, வேதாரண்யம் பகுதியில் அன்று இறால் பண்ணைகள் எப்படிப் பரவின, எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11இல் கடலோரப் பண்ணைகளை அகற்றச் சொல்லி என்ன தீர்ப்புக் கொடுத்தது என்பது இந்த வட்டாரத்துப் பெரியவர்களுக்கு நன்றாகவே தெரியும். பண்ணைக்காரர்கள் போய்விட்டார்கள். கரையும் குழியும் உப்பும் அப்படியே கிடக்கின்றன. கோரைகூடச் சரியாக முளைக்காத அந்தத் தரையில் சூரியத் தகடு வைப்பதை எதிர்க்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

அடுத்த 22 ஏக்கர் ஒருபோகச் சம்பா நஞ்சை. மீதி 9 ஏக்கர் கோயில் நிலம். கோயில் நிலத்தை ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விட அறநிலையத்துறை ஆணையரின் அனுமதி வேண்டும், அது இல்லாத குத்தகை செல்லாது என்கிறது 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் பிரிவு. தரகரோ கோயில் குத்தகைக்காரர் ஒருவரிடம் கையெழுத்து வாங்கி அந்த 9 ஏக்கரையும் சேர்த்திருந்தார். முதல் வாரத்திலேயே அதை எடுத்துவிடச் சொன்னோம், நிறுவனமும் எடுத்துவிட்டது.

ஆவணங்களில் கண்டது

பட்டாவில் 31 பெயர்கள். கூட்டுப்பட்டாக்கள்தான் அதிகம். நான்கு பட்டாக்களில் இறந்தவர்கள் பெயரே இருந்தது, வாரிசுகளில் மகள்கள் ஒருவர்கூடக் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. இது எந்த ஊரிலும் இருப்பதுதான். வாரிசுச் சான்றும் பாகப் பத்திரமும் வாங்க நேரம் பிடிக்கும், அவ்வளவே.

என்னை நிறுத்தியவை வேறு இரண்டு.

தரகர் வாங்கிய தாளோடு ஒரு பொது அதிகார ஆவணமும் இணைந்திருந்தது. நிலத்தைக் குத்தகைக்கு விட, உள்குத்தகைக்கு மாற்ற, வங்கியில் ஈடு வைக்க என எல்லா அதிகாரமும் தரகரின் பெயருக்கு. 'முன்பணம் பெற்றுக்கொண்டதால் இதை ரத்து செய்ய இயலாது' என்று ஒரு வரி. முகவருக்கே அந்தச் சொத்தில் பாத்தியதை இருந்தால் அதிகாரத்தை ரத்து செய்ய முடியாது என்கிற ஒப்பந்தச் சட்டத்தின் 202ஆம் பிரிவை மனத்தில் வைத்து யாரோ எழுதிக் கொடுத்த வரி அது. கையெழுத்துப் போட்டவர்களில் நான் பேசிய ஏழு பேருக்கும் 'ஈடு' என்ற சொல் அந்தத் தாளில் இருப்பதே தெரியாது. தாள் ஆங்கிலத்தில் இருந்தது.

இரண்டாவது, அடங்கல், அதாவது எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைக்கிறார் என்ற கிராமக் கணக்கு. 22 ஏக்கர் நஞ்சைக்கும் 'சொந்தச் சாகுபடி' என்று பதிவு. நிலக்காரர்களில் ஆறு பேர் சென்னையிலும் திருச்சியிலும் ஒருவர் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் இருப்பவர் இங்கே வந்து எப்படி நாற்று விடுவார்?

வரப்பில் கண்டது

2024 மார்ச்சில், அறுவடை முடிந்த தரையில், கிராம நிர்வாக அலுவலரின் உதவியாளரோடு நிலத்தைச் சுற்றினோம். 22 ஏக்கரில் 14 ஏக்கரை ஒன்பது குடும்பங்கள் வாரத்துக்கும் (விளைச்சலில் பங்கு கொடுத்து) குத்தகைக்கும் உழுகின்றன என்பது அன்று மதியத்துக்குள் தெரிந்துவிட்டது. ஒருவரிடமும் எழுத்துக் குத்தகை இல்லை.

அவர்களில் ஒரு அம்மாவைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். அறுபதைத் தாண்டியவர். கணவர் இறந்தபின் ஆறு மா நிலத்தைத் தனியாக வைத்திருக்கிறார். வெளியார் படிப்பதற்காகச் சொல்கிறேன்: இங்கே மூன்று மா ஒரு ஏக்கர். எங்களைப் பார்த்ததும் வீட்டுக்குப் போய் ஒரு மஞ்சள் பையைக் கொண்டு வந்தார். உள்ளே ஹார்லிக்ஸ் பாட்டில், அதற்குள் ரப்பர் பேண்டு போட்ட துண்டுச் சீட்டுகள். நிலக்காரரின் காரியஸ்தர் ஒவ்வொரு அறுவடைக்கும் பென்சிலில் எழுதிக் கொடுத்தவை: 'நெல் வரவு 12 மூட்டை'. கீழே தேதி, கிறுக்கலாக ஒரு கையெழுத்து. சிலவற்றில் மூட்டை குறைந்து, பக்கத்தில் 'வெள்ளம்' என்று எழுதியிருந்தது. என் இளம் வழக்கறிஞர் ஒவ்வொன்றாகத் தரையில் பரப்பிப் படம் எடுத்தார். 19 சீட்டுகள் இருந்தன.

"பட்டாவுல எம் பேரு இல்லதான் தம்பி. ஆனா இந்த வரப்புல உள்ள நண்டு வளைக்கெல்லாம் என்னையத் தெரியும்" என்றார்.

பிறகு எங்களைக் கிழக்கு வரப்புக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு சின்னத் தாழ்வு, ஒரு முழ ஆழம்கூட இருக்காது. காய்ந்து வெடித்துக் கிடந்தது. "ஐப்பசி கார்த்தியில தண்ணி பூரா இப்படித்தான் வடியும். அந்தா, இறால்குட்ட கரையச் சுத்திக்கிட்டு வடிகாலுக்குப் போவும்" என்று காலால் கோடு போட்டுக் காட்டினார். நான் தலையசைத்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அந்தக் குறிப்பு குறிப்பேட்டிலேயே தங்கிவிட்டது. இந்த ஆய்வின் பின்பாதி அதனால் வந்தது.

கணக்கு என்ன சொன்னது

மனிதர்கள் கெட்டவர்கள் என்று சொல்வதற்கு முன் கணக்கைப் பார்த்துவிட வேண்டும். இந்தக் கடைமடையில் நல்ல வருடத்தில் மாவுக்கு எட்டு மூட்டை விளையும், மூட்டை 60 கிலோ. அதில் இரண்டு மூட்டை நிலக்காரருக்கு. நியாய வாரச் சட்டம் சொல்லும் நாலில் ஒரு பங்கும் அதுதான். ஏக்கருக்கு ஆறு மூட்டை, 360 கிலோ. 2023-24 கொள்முதலில் சாதாரண ரகத்துக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்கு 2,265 ரூபாய். ஆக நிலக்காரருக்கு ஏக்கருக்கு ஏறத்தாழ 8,150 ரூபாய் வரும். சூரியமின் நிறுவனம் தருவதாகச் சொன்னது 30,000.

சாகுபடியாளருக்கு 18 மூட்டை நிற்கும், சுமார் 24,500 ரூபாய். விதை, உழவு, உரம், களை, அறுவடை இயந்திர வாடகை எல்லாம் அதில்தான் கழிய வேண்டும். மிஞ்சுவது சாப்பாட்டு நெல்லும் கொஞ்சம் கையிருப்பும்.

சென்னையில் இருக்கும் நிலக்காரர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதில் வியப்பில்லை. நாடு 2030க்குள் 500 கிகாவாட் புதைபடிவமல்லாத மின்திறன் என்று இலக்கு வைத்திருக்கிறது, அந்த இலக்கு சரி என்றே நினைக்கிறேன். கடல் ஏறி வரும் கரையில் வாழும் நமக்கு நிலக்கரியை விடுவதைவிட அவசரமான வேலை ஒன்றில்லை. ஆனால் அந்த இலக்கின் விலையில் ஒரு பங்கை இந்த ஒன்பது குடும்பங்கள், கேட்கப்படாமலே, தங்கள் ஆறு மாவையும் நாலு மாவையும் கொடுத்துக் கட்டப்போகின்றன என்பதுதான் என் மேசையில் இருந்த உண்மை.

சட்டம் எங்கே நின்றது

ஊரில் முதலில் கேட்ட கேள்வி, "இதுவும் மீத்தேன் மாதிரிதானா?" 2017இல் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் எண்ணெய், எரிவாயு எடுப்புக்கு எதிரான போராட்டங்களைக் கண்ட ஊர்க்காரர்கள் அப்படிக் கேட்பது இயல்பு. 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் நாகப்பட்டினத்துக்கு முழுவதும் பொருந்தும். அந்தச் சட்டம் தடை செய்யும் தொழில்களின் பட்டியலில் எண்ணெய், எரிவாயு, உருக்காலைகள், கப்பல் உடைப்பு போன்றவை உண்டு. சூரியமின் நிலையம் இல்லை. இதைப் பார்த்து நிறுவனத்தின் மேலாளர் நிம்மதி அடைந்தார். பட்டியலில் இல்லை என்பதால் பாதை திறந்துவிட்டது என்று பொருளில்லை என்பதை விளக்க எங்களுக்கு இரண்டு கூட்டம் பிடித்தது.

நஞ்சையை வேறு உபயோகத்துக்கு மாற்ற நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி அனுமதி வேண்டும், வேளாண் துறையின் கருத்து கேட்கப்படும். 1961ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டத்தில் நிலத்தை 'வைத்திருத்தல்' என்பதில் குத்தகையும் அடங்கும், ஆகவே தொழில் நிறுவனத்துக்கு 37-அ பிரிவின்படி அரசு அனுமதியையும் யோசிக்க வேண்டும். இவையெல்லாம் விண்ணப்பம் போட்டு வாங்கக்கூடியவை.

விண்ணப்பம் போட்டுத் தீர்க்க முடியாதது 1955ஆம் ஆண்டுச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். தன் உடலுழைப்பையோ குடும்பத்தாரின் உழைப்பையோ போட்டு அடுத்தவர் நிலத்தை உழுபவர், வாய்மொழி ஒப்பந்தத்தில் இருந்தாலும், சாகுபடிக் குத்தகைதாரர். அவரை வெளியேற்ற அந்தச் சட்டம் சொல்லும் காரணங்களும் அதற்கென உள்ள வருவாய் அதிகார அமைப்பும்தான் வழி. 'சூரியமின் நிறுவனம் கூடுதல் வாடகை தருகிறது' என்பது அந்தக் காரணங்களில் ஒன்றல்ல. 1969ஆம் ஆண்டு குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தின்படி அவர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றவும் வழி உண்டு. ஐம்பது ஆண்டுக்கு மேல் கடந்தும் ஏறாத பெயர்கள் டெல்டா முழுக்க இருக்கின்றன.

எடுத்த முடிவுகளும் காரணமும்

முதல் முடிவு, நஞ்சையில் சாகுபடியாளர் உள்ள 14 ஏக்கரைத் திட்டத்திலிருந்து நீக்கச் சொல்வது. மேலாளர் தந்த மாற்று யோசனை வேறு: நிலக்காரர்களே தங்கள் ஆட்களிடம் 'செட்டில்' செய்து காலி நிலமாகத் தரட்டும், நாம் ஏன் உள்ளே போக வேண்டும்? சட்டத் தொழிலில் இந்த யோசனை அடிக்கடி வரும். ஒரு நிலக்காரர் அதற்குள் தொடங்கியும் விட்டார். ஒருவரிடம் 15,000 ரூபாய் கொடுத்து வெள்ளைத்தாளில் கைநாட்டு வாங்கியிருந்தார்.

நாங்கள் மேலாளரிடம் நியாயத்தைவிட ஆபத்தைப் பேசினோம், அந்த மொழி அங்கே விரைவில் கேட்கும். கடன் தரும் வங்கி, நிலம் வில்லங்கமில்லாமல் காலியாக உள்ளது என்று உறுதிமொழி கேட்கும். நாங்கள் 19 சீட்டுகளைப் பார்த்துவிட்டோம். இனி அப்படி எழுதிக் கொடுக்க எங்களால் முடியாது. ஒரே ஒரு குத்தகைதாரர் தடையாணை வாங்கினால் மொத்தத் திட்டத்தின் கடனும் நிற்கும். எழுதிக் கொடுத்த கருத்தில் இதைத் தெளிவாகப் போட்டோம். பத்து நாள் கழித்து நிறுவனம் ஒப்புக்கொண்டது.

இரண்டாவது முடிவு, எதிர்த்தரப்புக்கு வழக்கறிஞர். நிறுவனத்தின் வழக்கறிஞர் விவசாயிக்குப் பத்திரத்தை 'விளக்கிச் சொல்வது' போதாது, அது முறையும் இல்லை. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு என்கிறது 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம். ஒன்பது குடும்பங்களில் ஏழு அந்த வரம்புக்குள் வந்தன. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அவர்களே மனு கொடுத்தார்கள். நிலக்காரர்கள் தனியாக ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொண்டார்கள், அந்தக் கட்டணத்தை நிறுவனம் திட்டச் செலவில் ஏற்றது.

மூன்றாவது, தரகரின் அதிகார ஆவணத்தை ரத்து செய்யாமல் எந்தப் பத்திரமும் பதிவாகாது என்ற நிபந்தனை. முன்பணத்தை நிறுவனம் தரகருக்கு ஈடுகட்டியது, அவர் பதிவு அலுவலகத்தில் வந்து ரத்துக்குக் கையெழுத்திட்டார். இதில் எதிர்பார்த்த சண்டை வரவில்லை.

சொந்தமாக உழும் 8 ஏக்கரில் ஐந்து ஏக்கர்க்காரர்கள் தாங்களாகவே சேர விரும்பினார்கள். மொத்தம் 29 ஏக்கர், ஆறு மெகாவாட். திட்டம் பாதியானது. மேலாளருக்கு இது எளிதாக இருந்திருக்காது, தன் மேலிடத்தில் அவர் இதற்காகப் பேசியதை நான் மதிக்கிறேன்.

குத்தகைப் பத்திரத்தில் மாற்றியவை

29 ஆண்டு 11 மாதம் என்ற கணக்குக்குக் காரணம் முத்திரைத்தீர்வை. 30 ஆண்டுக்குள் ஒரு சதவீதம், அதைத் தாண்டினால் நாலு. அதை மாற்றவில்லை. மாற்றியவற்றில் முக்கியமானது நிலத்தைத் திருப்பித் தரும் ஷரத்து. பழைய வரைவில் 'நிறுவனம் தன் பொருள்களை அகற்றிக்கொள்ளலாம்' என்று இருந்தது. 'கொள்ளலாம்' என்றால் விட்டுவிட்டும் போகலாம். இறால் குளத்துக் கரையில் நின்றுகொண்டு அந்தச் சொல்லைப் படித்தவர்களுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. நிலக்காரர் ஒருவர், "அவனும் போட்டுட்டுத்தான் போனான்" என்றார். 'அகற்றியே தீர வேண்டும்' என்று மாற்றி, கான்கிரீட் தூண்கள் வரை குறிப்பிட்டு, பத்தாம் ஆண்டிலிருந்து அதற்கான வங்கி உத்தரவாதத்தையும் சேர்த்தோம். தகடுகள் 2022ஆம் ஆண்டு மின்கழிவு விதிகளுக்குள் வந்துவிட்டதால் கழிவை நிலத்தில் புதைக்கக் கூடாது என்பதையும் எழுதினோம்.

நிறுவனம் தன் குத்தகை உரிமையை மட்டும் ஈடு வைக்கலாம், நிலத்தை வைக்க முடியாது. வாடகை 60 நாள் தவறினால் நிலக்காரரும் பத்திரத்தை முறிக்கலாம். பழைய வரைவில் அந்த உரிமை நிறுவனத்துக்கு மட்டும் இருந்தது. வாடகை வருமானம் விவசாய வருமானம் ஆகாது, வரிக் கணக்கு மாறும் என்பதைத் தனித்தாளில் எழுதிக் கொடுத்தோம். பத்திரம் தமிழில் எழுதப்பட்டு, ஊர்ச் சாவடியில் வரிவரியாகப் படிக்கப்பட்டது. அது ஒரு முழு நாள் எடுத்தது. 2024 ஜூலையில் பதிவு.

வாய்க்கால்களைப் பற்றியும் ஒரு ஷரத்து எழுதினேன்: 'புலப்படத்தில் காட்டப்பட்டுள்ள வாய்க்கால், வடிகால்களை நிறுவனம் அடைக்கக் கூடாது.' புலப்படம் என்பது அரசின் நில அளவைப் படம். எழுதியபோது திருப்தியாகத்தான் இருந்தது.

நவம்பரில் நடந்தது

அனுமதிகள் வந்தபின் செப்டம்பரில் மண்வேலை தொடங்கியது. அந்த ஆண்டு மேட்டூர் ஜூலை 28இல்தான் திறந்தது, கடைமடையில் நேரடி விதைப்பாகச் சம்பா போட்டிருந்தார்கள். பயிர் நன்றாகவே இருந்தது. ஒப்பந்ததாரர் லாரி போக இறால் குளக் கரையை ஒட்டி மூன்றடி உயரத்துக்கு ஒரு பாதை போட்டார்.

நவம்பர் கடைசி வாரத்தில், ஃபெஞ்சல் புயல் கரையைக் கடப்பதற்கு முன்பே, நாகை மாவட்டத்தில் கனமழை கொட்டியது. மழை விட்டும் கிழக்கு வரப்பை ஒட்டிய 12 ஏக்கரில் தண்ணீர் இறங்கவில்லை. அந்த அம்மாவின் ஆறு மாவும் அதில் அடக்கம். அவர் காலால் கோடு போட்டுக் காட்டிய தாழ்வின் மேல்தான் பாதை குறுக்கே கிடந்தது. புலப்படத்தில் அந்தத் தாழ்வு இல்லை. அது பட்டா நிலத்துக்குள், தலைமுறையாக எல்லோரும் விட்டுக்கொடுத்து வைத்திருந்த நீர்வழி. ஒப்பந்ததாரர் என் ஷரத்தைக் காட்டினார்: "படத்துல இருக்குற வாய்க்காலை நாங்க தொடலைங்களே சார்."

அவர் சொன்னது சரி.

இரண்டாம் நாள் மாலை அந்த அம்மா போன் செய்தார். கத்தவில்லை. "தம்பி, கதிர் உள்ளே இருக்கு, தண்ணி மேல இருக்கு. அன்னிக்கே காட்டுனேனே" என்றார். நான் என் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். மார்ச் மாதப் பக்கத்தில் அவர் போட்ட கோட்டை நானும் பென்சிலில் வரைந்திருந்தேன், திசைக்குறி உட்பட. குத்தகை உரிமைக்கு அவர் தந்த சீட்டை ஆதாரமாக எடுத்துக்கொண்ட நான், தண்ணீருக்கு அவர் சொன்ன சொல்லை ஆதாரமாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் பெயரைப் பதிவேட்டில் தேடிய அதே பழக்கத்தோடு வடிகாலையும் படத்தில் தேடியிருக்கிறேன்.

மூன்றாம் நாள் காலை நிறுவனத்தின் தளப் பொறியாளர், அதே வட்டத்துப் பையன், மேலிட உத்தரவுக்குக் காத்திராமல் ஜேசிபி வைத்துப் பாதையை இரண்டு இடத்தில் வெட்டிவிட்டார். ஐந்தாம் நாள் தண்ணீர் வரப்புக்குக் கீழே இறங்கியது.

பின்விளைவு

நஷ்டஈடு பேச உட்கார்ந்தபோது பத்திரத்தின் இன்னொரு ஓட்டை தெரிந்தது. 'குத்தகை விட்டவருக்கு ஏற்படும் சேதம்' என்றே எழுதியிருந்தோம். பாதிக்கப்பட்ட 12 ஏக்கரும் திட்டத்துக்கு வெளியே இருப்பவை, பத்திரத்தில் அவர்களுக்கு இடமே இல்லை. இருபது ஆண்டு தடையின்றி அனுபவித்த நீர்வழிக்கு 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு என்று வழக்குப் போடலாம். ஆனால் பயிர் அதற்குள் அழுகிவிடும்.

நிறுவனம் பேச்சுக்கு வந்தது. மாவுக்கு 5,000 ரூபாய் என்று முடிந்தது. யாரிடம் கொடுப்பது என்பதில்தான் நேரம் போனது. இரண்டு பட்டாதாரர்கள் பணம் தங்களுக்கு வர வேண்டும் என்றார்கள். விதைத்தவருக்கே போக வேண்டும் என்பதில் சட்ட உதவி வழக்கறிஞர் உறுதியாக நின்றார், நாங்களும் நிறுவனத்துக்கு அதையே எழுதிக் கொடுத்தோம். வங்கிக் கணக்குக்குப் போனது. ஜனவரியில் பாதைக்கு அடியில் மூன்று சிமெண்டுக் குழாய்கள் பதித்தார்கள், பிப்ரவரியில் திருத்தப் பத்திரம் பதிவானது. நிலையம் 2025இல் மின்சாரம் தரத் தொடங்கியது.

ஒன்பது குடும்பங்களில் ஐந்துக்குக் குத்தகை உரிமைப் பதிவேட்டில் பெயர் ஏறியது, அதில் மூன்று நிலக்காரரின் சம்மதத்தோடு. இரண்டு குடும்பங்கள் அந்த 14 ஏக்கரை நாங்கள் நீக்கச் சொல்வதற்கு முன்பே பணம் வாங்கிக்கொண்டு நிலத்தை விட்டிருந்தன. கைநாட்டு வைத்தவர் அவர்களில் ஒருவர். அவரை மறுபடி நிலத்தில் வைக்க முடியவில்லை, அவரும் விரும்பவில்லை. திருப்பூருக்குப் போய்விட்டார்.

இனி மாற்றிச் செய்வது

நிலத்தை மார்ச்சில் மட்டும் பார்த்து டெல்டாவில் கருத்து எழுதமாட்டோம். கார்த்திகையில் ஒருமுறை, தண்ணீர் நிற்கும்போது, போக வேண்டும். அதற்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டுமானால் நிறுவனம் காத்திருக்கட்டும்.

புலப்படத்தோடு ஒரு நீர்ப்படம். சாகுபடி செய்பவர்களே நடந்து காட்ட, நாங்கள் வரைந்து, அவர்கள் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து, பத்திரத்தின் அட்டவணையாகப் பதிவாக வேண்டும். இப்போது எங்கள் வரைவில் அந்த ஷரத்து இப்படி இருக்கிறது: 'அரசுப் படத்தில் காட்டப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், இணைப்பு நீர்ப்படத்தில் உள்ள எந்த நீர்வழியையும் நிறுவனம் அடைக்கவோ உயர்த்தவோ கூடாது. மீறினால் அக்கம்பக்கத்து நிலத்தில் பயிர் வைத்திருப்பவர், பட்டா யார் பெயரில் இருந்தாலும், சேதத்தைக் கேட்டுப் பெறலாம்.'

நாங்கள் எண்ணாமல் விட்டவர்களும் உண்டு. நிலையத்துக்குள் போன ஐந்து ஏக்கர் சம்பாவில் களை எடுத்த பெண்கள். அவர்கள் நிலக்காரரும் இல்லை, குத்தகைதாரரும் இல்லை. எந்தச் சட்டத்தின் கீழும் அவர்களுக்காக ஒரு வரி எழுத எனக்கு வழி கிடைக்கவில்லை. தகடு துடைக்கும் வேலைக்கு ஊர்ப் பெண்களை எடுக்க நிறுவனத்தைக் கேட்டோம், நான்கு பேரை எடுத்திருக்கிறார்கள். அடுத்த திட்டத்தில் இதை வாய்ச்சொல்லாக விடாமல் பத்திரத்தில் எண்ணிக்கையோடு கேட்கப்போகிறோம்.

நிலக்காரர் மறுக்கும் இரண்டு குத்தகைப் பதிவு மனுக்கள் இன்னும் வட்டாட்சியர் நிலையில் உள்ள பதிவு அலுவலர் முன் விசாரணையில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று அந்த அம்மாவுடையது. காரியஸ்தரைச் சாட்சியாக அழைத்திருக்கிறார்கள், சீட்டில் உள்ள கையெழுத்து தன்னுடையதுதானா என்று அவர் இன்னும் சொல்லவில்லை.